முப்பத்தொரு நழுவல்

டோர்வால் என்ற ஊரில் மர்லா ஸ்வோபோடாவைப் பிடிக்காதவர்கள் இரண்டு வகை. திங்கள் முதல் வெள்ளி வரை சோள விவசாயிகளுக்குப் பிடிக்காது. சனிக்கிழமை, பந்தைக் கையால் வீசிப் பிடித்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், கல்லூரி அணிப் பையன்களின் அப்பாக்களுக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டு வகையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பாடும். நெப்ராஸ்காக்காரர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். வாசலில் வண்டியை எடுக்கும்போதுதான் சொல்வார்கள்.

வார நாட்களில் அவள் செய்த பாவம், கூட்டுறவுக் கிடங்குக்கு வரும் சோளத்தில் ஈரம் எவ்வளவு என்று அளந்து சொல்வது. லாரி வந்து நிற்கும். ஒரு நீளக் குழாய் சோளக் குவியலுக்குள் இறங்கி ஒரு படி அள்ளிக்கொண்டு வரும். மர்லா அதை இயந்திரத்தில் கொட்டுவாள். இயந்திரம் ஈரத்தை ஒரு எண்ணாகக் காட்டும்; எண் கூடினால் விவசாயிக்கு விலை குறையும். அந்த எண்ணை அவள் வாய் திறந்து சொல்வாள். அவ்வளவுதான் வேலை. இதற்கு இருபத்தாறு வருஷமாக வசவு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மர்லா, அடியில இருக்கறது நல்லா காஞ்சது. இன்னொரு தடவை எடுத்துப் பாரேன்" என்பார் லூமிர் பெஷெக். ஒவ்வொரு அக்டோபரும் சொல்வார்.

"பார்த்துடலாம் லூமிர். போன வருஷமும் ரெண்டாவது தடவை பார்த்தோம். அரை கூடிப் போச்சு."

"அப்ப வேண்டாம், விடு."

சனிக்கிழமைப் பாவம் இதைவிடப் பெரிது. டோர்வால் கல்லூரி மைதானத்தின் உச்சியில் இருக்கும் தகரக் கூண்டில், கழுத்தில் பைனாகுலரும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்து, நம் பையன்கள் எத்தனை பந்தைக் கைக்கு வந்த பிறகு கோட்டை விட்டார்கள் என்று எழுதுவது அவள் பொறுப்பு. அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு கணக்குப் பேராசிரியர். ரொம்ப நல்ல மனுஷர். ஆட்டம் சூடு பிடித்தால் பயத்தில் கண்ணை மூடிக்கொள்வார். அதனால் அவர் காலத்தில் டோர்வால் பையன்கள் பந்தை விட்டதே இல்லை என்றுதான் ஆவணம் சொல்கிறது.

அவர் ஓய்வுபெற்றதும், வீசும் பந்தை ஓடிப்போய் வாங்கும் பிடிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் க்ளென் தன் மனைவியைச் சிபாரிசு செய்தார். அந்த மனைவிதான் மர்லா. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிபாரிசைப் பற்றி க்ளென் என்ன நினைத்தார் என்பது போகப்போகத் தெரியும்.

அவர்கள் கல்யாணமே ஒரு பந்தால் வந்தது. கல்லூரி நாளில் க்ளென் ஸ்வோபோடா அந்த அணியின் முதல்தரப் பிடிப்பாளர். ஒரு சனிக்கிழமை எல்லைக் கோட்டோரம் பறந்து பிடித்து, நிலை தடுமாறி, அப்படியே வாத்தியக் குழுவுக்குள் போய் விழுந்தார். அங்கே மர்லா கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தாள். கிளாரினெட் இரண்டாக உடைந்தது. அவளுடைய முட்டி சிராய்ந்தது. பந்து மட்டும் அவர் கையைவிட்டு அசையவில்லை. எழுந்ததும் அவர் முதலில் நடுவரைப் பார்த்தார், அப்புறம்தான் அவளைப் பார்த்தார். அந்த வரிசையை அவள் முப்பத்து நாலு வருஷமாக மறக்கவில்லை.

அப்படிப்பட்ட கைக்காரருக்கு ஒரு குறை உண்டு. பந்தை ஒருவன் ஏன் விடுகிறான் என்பது அவருக்குப் புரியவே புரியாது. மீனிடம் போய் ஏன் ஒருவன் நீந்தத் தெரியாமல் மூழ்குகிறான் என்று கேட்பது மாதிரி. அதனால் பையன்கள் விடும்போதெல்லாம் அவர் சாக்கு தேடித் தருவார். வெயிலில் கண் கூசியது என்பார். காற்று திருப்பிவிட்டது என்பார். வானம் முழுக்க மேகம் மூடியிருந்த ஒரு நாளும் வெயில் என்றுதான் சொன்னார்.

இதெல்லாம் வருஷத்துக்குப் பத்து, பன்னிரண்டு நழுவல் இருந்த காலத்தில் யாரையும் உறுத்தவில்லை. அப்புறம் ட்ராய் ஹாக்மெயர் வந்தார்.

ஹாக்மெயர் தலைமைக் கோச். டெக்சாஸிலிருந்து வந்தவர். வந்த முதல் வாரமே உடைமாற்றும் அறைச் சுவர் முழுக்க வாசகம் எழுதி வைத்தார். 'சாக்கு சொல்லாதே' என்று ஒரு சுவரில். 'பொறுப்பை ஏற்றுக்கொள்' என்று இன்னொரு சுவரில். இரண்டையும் பையன்கள் படிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தானும் படிப்பதாக அவர் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. அவருடைய இரண்டாவது பருவத்தில் ஏழு ஆட்டம் முடிந்தபோது அணி இரண்டில் ஜெயித்து ஐந்தில் தோற்றிருந்தது. பொறுப்பை ஏற்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஆள் தயாராக இருந்தான். பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக், வெஸ் ராஸ்முசென். மணற்குன்றுப் பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து வந்த இருபது வயதுப் பையன். வாயில்லாப் பூச்சி. அவன் வீசியதில் பாதிகூட நம்மாள் கைக்குப் போய்ச் சேரவில்லை, பதினொரு பந்து எதிராளி கையில் போய் உட்கார்ந்தது என்று உள்ளூர்ப் பத்திரிகை வாராவாரம் எழுதியது. எண் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லும், பாதியை மட்டும் எழுதினால்.

மீதிப் பாதி மர்லாவின் தாளில் இருந்தது.

அவள் எழுதும் விதி எளிது. பந்து இரண்டு கையிலும் பட்டிருக்க வேண்டும். எதிராளி அதைத் தொட்டிருக்கக் கூடாது. சாதாரணமாக முயன்றாலே பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றும் சரியென்றால் அது நழுவல். குதித்துப் பிடிக்க வேண்டியதையோ, காலடியில் விழுந்ததையோ அவள் எழுதுவதில்லை. அந்தப் பருவத்தில் அவள் தாளில் புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்தாள். யாரும் கேட்கவில்லை. தலைப்பு: 'அப்புறம்.'

மூன்றாவது ஆட்டத்தில் அந்தப் பத்தி பிறந்தது. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் நகர்ந்தால் பந்து நம்மிடமே இருக்கும். மூன்றாவதும் வீணானால், நாலாவதில் பந்தைத் தூர உதைத்து எதிரிக்குத் தாரை வார்க்க வேண்டியதுதான். அன்று மூன்றாவது முயற்சிக்கு ஏழு கஜம் வேண்டும். வெஸ் வீசினான். பிரைஸ் மெக்கார்வி தனியாக, சந்தை கலைந்த பிறகு வந்து சேர்ந்தவன் மாதிரி, சுற்றிலும் ஆளே இல்லாமல் நின்றான். பந்து அவன் நெஞ்சுக்கு நேராக வந்தது. இரண்டு கையும் வாங்கின. வாங்கிய வேகத்திலேயே தரையில் வைத்தன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்; டோர்வாலில் கைக்கு எட்டியது கைக்கே எட்டவில்லை.

மர்லா 'பிரைஸ், 1' என்று எழுதினாள். பென்சிலைக் கீழே வைக்கப் போனவள் வைக்கவில்லை. பந்தை உதைத்துக் கொடுத்தாயிற்று. அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்த தடுப்பாட்டப் பையன்கள், மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பவும் இறங்கினார்கள். ஒன்பது நிமிஷம் முட்டுக்கொடுத்து நின்றார்கள். பத்தாவது நிமிஷம் எதிரி நம் கடைசிக் கோட்டைக் கடந்தான். அவள் 'அப்புறம்: ஏழு புள்ளி போச்சு' என்று எழுதினாள்.

அதற்கப்புறம் பார்வையே மாறிப்போனது. ஒரு நழுவல் ஒரு நழுவலோடு நிற்பதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு தடவை விட்ட பையனை நோக்கி வெஸ் மூன்றாவது தடவை வீசத் தயங்குவான். தயங்கும் நேரத்தில் எதிராளிகள் வந்து அவனை மண்ணோடு சாய்ப்பார்கள். இல்லையென்றால் பிடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று மெதுவாக வீசுவான். மெதுவாக வரும் பந்தை எதிராளி நடுவில் புகுந்து எடுத்துக்கொள்வான். இதைப் பார்த்து ஹாக்மெயர், வீசவே வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்பார். ஓடத்தான் போகிறார்கள் என்று தெரிந்ததும் எதிரணியில் எட்டுப் பேர் முன்வரிசைக்கு வந்து சுவர் மாதிரி நிற்பார்கள். ஓடுகிற பையன் அந்தச் சுவரில் இருபது தடவை முட்டுவான். ஆட்டத்தின் நாலு பகுதியில் கடைசிப் பகுதி வரும்போது எல்லோருக்கும் கால் ஓய்ந்திருக்கும். ஆட்டம் நாலு புள்ளியில் தோற்கும். மறுநாள் பத்திரிகையில் வெஸ் ராஸ்முசென் படம் வரும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

பிரைஸின் படம் வராது. பிரைஸின் அப்பா டக் மெக்கார்வி வயலுக்கு நீர் பாய்ச்சும் இயந்திரங்கள் விற்பவர். மைதானத்தின் புதுப் புள்ளிப் பலகை அவர் கொடுத்தது. தோற்கும் புள்ளி இப்போதெல்லாம் ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது, அது அவர் உபயம்.

ஏழாவது ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை, ஹாக்மெயர் கிடங்குக்கே வந்தார். கையில் பட்டை மணக்கும் ரொட்டிச் சுருள் ஒரு பெட்டி. இருபத்தாறு வருஷத்தில் அங்கே பெட்டியோடு வந்தவர்கள் எல்லோரும் ஈரத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள். மர்லாவுக்கு வாசனையிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"மர்லாம்மா, வியாழக்கிழமை அணிக்குப் பணம் கொடுக்கற ஆதரவாளர்களுக்குச் சாப்பாடு இருக்கில்ல, நீங்க வந்து நம்ம புள்ளிவிவரத்தை ரெண்டு நிமிஷம் வாசிக்கணும்" என்றார். "ஊர்க்காரங்க வாசிச்சா ஒரு நம்பிக்கை வரும்."

"வாசிச்சுடலாம் கோச். முப்பத்தொண்ணு."

"அதைத்தான் பேசலாம்னு வந்தேன். இந்த நழுவல்ங்கற வார்த்தை கொஞ்சம் கடுமையா இல்ல? பிடிக்கக் கஷ்டமான பந்துன்னு ஒரு தனிப் பத்தி போட்டா பசங்க மனசு நோகாது."

"யாருக்குக் கஷ்டமான பந்து?"

"பிடிக்கறவனுக்குத்தான்."

"அப்படிப் பார்த்தா எல்லாமே கஷ்டமான பந்துதான் கோச். அதான் விட்டுடறாங்களே."

ஹாக்மெயர் சிரித்தார். சிரிக்கப் பயிற்சி எடுத்தவர் மாதிரி சிரித்தார். வாசலில் லூமிர் பெஷெக்கின் லாரி வந்து நின்றதால் பேச்சு அத்தோடு முடிந்தது. ரொட்டிப் பெட்டியை லூமிர் பாதி தீர்த்தார். அன்று அவர் சோளத்தின் ஈரம் பதினெட்டரை. அவரும் ரொட்டியைக் காரணம் காட்டி எதுவும் கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டு மேஜையில் அதே கோரிக்கை வேறு வாய் வழியாக வந்தது.

"ஒரு நாலஞ்சு குறைச்சா என்ன ஆகிடும்?" என்றார் க்ளென். பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பைக் கிண்ணத்தில் கலக்கிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"எந்த நாலஞ்சு? சொல்லு, தேதியோட எடுத்துத் தரேன்."

"ஹேஸ்டிங்ஸ்ல ஆடினமே, அன்னிக்கு வெயில்..."

"அன்னிக்கு மழை, க்ளென். நீ என் குடையை எடுத்துட்டுப் போய்த் தொலைச்சே."

அவர் குரல் இறங்கியது.

"நீ எழுதறது பசங்க பேரு மட்டும்னு நினைக்கறியா? பிடிக்கச் சொல்லிக் கொடுக்கறவன் நான். அந்த முப்பத்தொண்ணும் என் பேரு."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"வெஸ்ஸை இந்த வாரம் உட்கார வைக்கப் போறாங்களாமே. உண்மையா?"

க்ளென் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அது பதில்தான்.

"அவன் பேர்ல பதினொண்ணு எழுதியிருக்கு, எதிராளி பிடிச்சதுன்னு. அதுல அஞ்சு நம்ம பசங்க கையில பட்டுத் தெறிச்சது. அஞ்சும் உன் கண்ணு முன்னாடி நடந்தது. அவனுக்கு வெயில் அடிக்கலையா க்ளென்? உன் சாக்கு மூட்டையில அவனுக்கு ஒண்ணுகூட இல்லையா?"

முப்பத்து நாலு வருஷத்தில் அவள் அவரைக் கிண்டல் செய்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள், மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். அவர் இப்படித் தலைகுனிந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. ஜெயித்தோம் என்று தோன்றவே இல்லை. காரக் குழம்பை எடுத்து மூடி வைத்தாள். மறுநாள் இரண்டு பேரும் அதையே ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியாகச் சூடு பண்ணிச் சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமைச் சாப்பாடு, முன்னாள் படைவீரர் கூடத்தில். அறுபது பேர் வந்திருந்தார்கள். ஹாக்மெயர் எழுந்து, அணியின் மனோபலம் அபாரம் என்றார், திசை சரி என்றார், ஒரே ஒரு இடத்தில் மாற்றம் தேவைப்படுகிறது, வீசுகிற இடத்தில் என்றார். வெஸ்ஸின் அம்மா கடைசி மேஜையில் இருந்தாள். நூற்று நாற்பது மைல் வண்டி ஓட்டி வந்தவள், உருளைக்கிழங்குக் கூழில் முள்கரண்டியால் வரிவரியாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம மர்லாம்மா புள்ளிவிவரத்தை வாசிப்பாங்க" என்று சொல்லி ஹாக்மெயர் ஒரு தாளை நீட்டினார். அச்சடித்த அழகான தாள். மேலே கல்லூரிச் சின்னம். 'நழுவல்: 12' என்று இருந்தது. கீழே, 'பிடிக்கக் கடினமானவை: 19.'

மர்லா எழுந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவள் வீராங்கனையாக எழவில்லை. பன்னிரண்டு என்று படித்துவிட்டு உட்கார்ந்து, ஆப்பிள் பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் ஒரு நொடி தோன்றியது. வாய் ஒத்துழைக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இயந்திரம் காட்டியதை மட்டும் சொல்லிப் பழகிய வாய்.

"இது என் கையெழுத்து இல்ல" என்றாள். "அச்சுல இருக்கறதால சொல்லலை. எண்ணும் என்னுது இல்ல."

கைப்பையிலிருந்து தன் தாள்களை எடுத்தாள்.

"ஏழு ஆட்டத்துல நழுவினது முப்பத்தொண்ணு. அதுல மூணாவது முயற்சியில விட்டது பதினாலு. அந்தப் பதினாலுக்கு அப்புறம் பந்து எதிராளிகிட்ட போய், ஒன்பது தடவை புள்ளி எடுத்தாங்க. மொத்தம் அம்பத்தொண்ணு. நாம தோத்த அஞ்சு ஆட்டத்தையும் கூட்டினா, தோத்தது இருபத்தொன்பது புள்ளியில. கூட்டல் கழித்தல் உங்களுக்கே தெரியும். வெஸ் பேர்ல இருக்கற பதினொண்ணுல அஞ்சு, நம்ம கையில பட்டுத் தெறிச்சது."

கூடத்தில் யாரோ இருமினார்கள். டக் மெக்கார்வி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மர்லா, கடைசியா டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டினது எப்போ?"

"மார்ச்ல, டக். உங்க பையன் அதுக்கப்புறம் பதிமூணு விட்டிருக்கான்."

இரண்டு பேர் சிரித்துவிட்டு, டக் திரும்பிப் பார்த்ததும் உருளைக்கிழங்கைப் பார்த்தார்கள். ஹாக்மெயர், எண்களை நாம் வேறு கோணத்திலும் பார்க்கலாம் என்று தொடங்கினார். அப்போதுதான் பக்கத்து மேஜையிலிருந்து க்ளென் எழுந்தார். கையில் துடைக்கும் துணி. அதை மடித்துக்கொண்டே பேசினார்.

"வேற கோணம் இல்ல கோச். அவ எண்ணினது சரி. அவ பத்தொன்பது வருஷமா தப்பா எண்ணினதில்ல, நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்." துணியை இன்னொரு மடிப்பு மடித்தார். "பிடிக்கச் சொல்லிக் கொடுக்கறது என் வேலை. முப்பத்தொண்ணுக்கும் நான்தான் பொறுப்பு. வீசற பையன் இல்ல."

உட்கார்ந்தார். துணி மடிந்து மடிந்து தீப்பெட்டி அளவு ஆகியிருந்தது.

சுவரில் எழுதிய வாசகத்தைக் கடைசியில் ஓர் ஆள் நிஜமாகவே கடைப்பிடித்துவிட்டார். தலைமைக் கோச் இதைப் பாராட்டாமல் இருப்பாரா? மறுநாள் காலையே க்ளெனைப் பிடிப்பாளர் பயிற்சியிலிருந்து நீக்கி, 'சிறப்பு ஒருங்கிணைப்பாளர்' என்று புதுப் பட்டம் கொடுத்தார். ஒருங்கிணைக்க வேண்டியது, ஆட்ட நாளில் காதில் மாட்டும் கருவிகளின் வயர்களை. வெஸ்ஸை நீக்கவில்லை. அறுபது பேர் கேட்ட பிறகு நீக்குவது எப்படி.

வியாழக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் மர்லா கேட்டிருந்தாள்: "என் மேல கோபமா?"

"இருக்கு" என்றார் க்ளென். ரொம்ப தூரம் போன பிறகு, "குடை உன்னுதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிடங்கு வாசலில் சோளம் இல்லாத ஒரு வண்டி வந்து நின்றது. பிரைஸ் மெக்கார்வி இறங்கினான். ஆறடி இரண்டங்குலம், தோள் கதவை அடைத்தது. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று மர்லா தராசுப் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"என்னோட பதிமூணையும் பார்க்கலாமா?" என்றான்.

அவள் தாள்களைப் பரப்பினாள். தேதி, கால்பகுதி, எங்கே நின்றான், பந்து எந்த உயரத்தில் வந்தது, எல்லாம் இருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு, திரும்பத் திரும்ப: 'தலை திரும்பியது.' பதிமூன்றில் பதினொரு இடத்தில் இருந்தது.

"இது என்ன?"

"பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நீ பக்கவாட்டுல பார்த்துடறே. யாராவது மோத வர்றாங்களான்னு. ஆள் இல்லாதப்பவும் பார்க்கறே."

அவன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. மர்லா கையைக் காட்டி நிற்கச் சொன்னாள். அப்படி அவள் யாரையும் காக்க வைத்ததில்லை.

"போன நவம்பர்ல விலா எலும்பு ரெண்டு முறிஞ்சது" என்றான். "ஆறிடுச்சு. டாக்டர் ஆடலாம்னு சொல்லிட்டார். ஆனா பந்து வரும்போது அந்தச் சத்தம் கேட்குது. முறிஞ்சப்ப கேட்ட சத்தம்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"கோச் க்ளென்கிட்ட சொல்ல நினைச்சேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வெயில்தானேன்னு கேட்டார். ஆமான்னுட்டேன்."

மர்லாவுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பையனை அவள் ஒரு எண்ணாகத்தான் பார்த்திருந்தாள், பதிமூன்று என்று. பதினொரு தடவை குறிப்பு எழுதிய கைக்கு, ஏன் என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் ஒருத்தர் காரணமே கேட்காமல் மன்னிக்கிறார், இன்னொருத்தி காரணமே கேட்காமல் எழுதுகிறாள். நல்ல ஜோடி.

"அப்பாகிட்ட?" என்று கேட்டாள்.

"அப்பா புள்ளிப் பலகையே கொடுத்துட்டாரு. இனி ஆடலைன்னு எப்படிச் சொல்றது?"

"பலகை உனக்காக ஆடாது. நீ ஆடலைன்னா அது எரியாமலும் இருக்காது."

அவன் அன்று சாயங்காலமே போய்ச் சொன்னான் என்பது மர்லாவுக்குப் பிறகு தெரிந்தது. டக் மெக்கார்வி கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கடையின் பின்பக்கம், குழாய்களுக்கு நடுவே, இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் டக்கே மைதானத்துக்கு வந்து, பையன் இந்தப் பருவத்தில் இனி ஆடமாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் வயரோடு போராடிக்கொண்டிருந்த க்ளெனிடம் நின்று, ஒரு முடிச்சை அவிழ்க்க உதவினார்.

பிரைஸ் இடத்தில் ஓட்டிஸ் கிராம்ப் என்று ஒருவன் இறங்கினான். ஓடினால் வாத்து ஓடுகிற மாதிரி இருக்கும். அழகு இல்லை, வேகம் இல்லை, கையுறைகூட இரவல். ஆனால் பந்து வந்தால் கட்டிப் பிடித்துக்கொள்வான், திருட்டுப் பூசணிக்காயைப் பிடித்துக்கொள்வது மாதிரி. மூன்றாவது முயற்சியில் எட்டு கஜம் வேண்டுமென்றால் சரியாக எட்டரை கஜத்தில் நின்று வாங்குவான். வெஸ் தயங்காமல் வீச ஆரம்பித்தான். எதிரணியின் எட்டுப் பேர் சுவர் ஆறு பேராகக் கரைந்தது. ஓடுகிற பையனுக்கு ஓட இடம் கிடைத்தது. தடுப்பாட்டக்காரர்கள் அந்தப் பருவத்திலேயே முதல் தடவையாக ஒரு முழுப் பாட்டில் தண்ணீரை நிதானமாகக் குடித்ததை மர்லா பைனாகுலரில் பார்த்தாள். எழுதுவதற்குப் பத்தி இல்லை, இருந்தாலும் ஓரத்தில் எழுதினாள்.

மீதி மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தார்கள். மூன்றாவதில் தோற்றது, புள்ளிக்காக உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டதால். அதற்கு யார் கையும் காரணமில்லை. மூன்றிலும் சேர்த்து நழுவல் நாலு. பத்திரிகை, 'ஹாக்மெயரின் துணிச்சலான மாற்றம்' என்று எழுதியது. மனோபலத்தையும் திசையையும் பாராட்டியது. டிசம்பரிலேயே மிசௌரியில் இவர்களைவிட மூன்று மடங்கு பெரிய கல்லூரி ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. போகும்போது சுவர் வாசகங்களை அழிக்காமல் விட்டுப் போனார். பெயின்ட் நல்ல தரம், இன்னும் இருக்கிறது.

அடுத்து வந்த தலைமைக் கோச் தனக்குத் தெரிந்த உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். க்ளெனுக்கு நன்றிக் கடிதமும் கல்லூரிச் சின்னம் போட்ட போர்வையும் கிடைத்தன. போர்வை உண்மையிலேயே கதகதப்பானது என்று மர்லா சொல்வாள். எண்ணும் வேலைக்கு அவளை இருக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு, இருக்கிறேன், ஆனால் விட்ட பையனிடம் திங்கட்கிழமை நானே போய் என்ன ஆச்சு என்று கேட்பேன், அதற்கு யாரும் குறுக்கே வரக்கூடாது என்றாள். புதுக் கோச்சுக்கு இது வினோதமாகத்தான் பட்டது. சரி என்றார். இப்போது அவள் தாளில் 'அப்புறம்' பத்திக்கு முன்னால் இன்னொரு பத்தி இருக்கிறது. தலைப்பு 'ஏன்.' அதில் பாதி இடம் காலியாக இருக்கும். பையன்கள் எல்லோரும் சொல்லிவிடுவதில்லை.

க்ளென் இருபது மைல் தள்ளி ஒரு நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தார். பதிமூன்று வயதுப் பிள்ளைகள். பந்து அவர்கள் உள்ளங்கையைவிடப் பெரிது. பத்துக்கு ஆறு விழும். முதல் நாள் ஒரு சின்னப் பயல் பந்தை விட்டுவிட்டு, அழுகிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தான். க்ளென் வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில். வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, முழங்காலை மடித்து அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, "என்னப்பா, என்ன பார்த்தே?" என்று கேட்டாராம்.

"கழுகு" என்றானாம் அந்தப் பயல்.

வேலியோரம் உண்மையிலேயே ஒரு கழுகு இருந்தது. மாடு தின்னும் தீவனத் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தது. அன்று பயிற்சியைக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.